ஐந்து தடவை வழுக்கி விழுந்தவள்

1951 நவ. 12, திங்கள்

விடாத மழை. டிஸ்பென்சரி வாசலில் கணுக்கால் தண்ணீர். டாக்டரம்மாவுக்குச் சளி, எரிச்சலெல்லாம் நர்ஸான என் மேல்.

பத்து மணிக்குப் புஷ்பம். புருவம் கிழிந்து நான்கு தையல். புருஷன் சவரி, ஹார்பரில் கரி இறக்குகிறவன். இடுப்பில் மகள் லூர்து, நாலு வயசு.

"கொழாயாண்ட வழுக்கி வுழுந்தேன்னு எழுதிக்கக்கா. போலீஸ் கேஸ் ஆனா ஒரு நாள் வச்சிகினு வுட்டுடுவாங்கோ. அப்பால யாரு அடி வாங்குறது?"

எழுதினேன். இங்கே எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம், உதவி என்று நினைத்து. இது ஐந்தாவது தடவை.

நவ. 14, புதன்

மழை இல்லை. குடைக்கம்பி ஒடிந்துவிட்டது.

பு. துணிந்துவிட்டாள். முகத்துவாரக்குப்பத்தில் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டிருக்கிறாள். பஸ் ஏறும்போது சவரி வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டான். நேரே ஸ்டேஷன் போய்ப் புகார் கொடுத்தாள். அடித்ததற்குச் சாட்சி நான் என்று ஸ்டேஷனுக்குச் சொல்லியனுப்பினேன். பெரிய காரியம் செய்த நினைப்பு, எனக்கு.

நவ. 16, வெள்ளி

இன்ஸ்பெக்டர் வந்தார். ரிஜிஸ்தரைப் புரட்டினார். ஐந்து இடத்திலும் என் குண்டுக் கையெழுத்து.

"அஞ்சு வாட்டியும் வழுக்கித்தான் வுழுந்தாளா?"

"இல்லை சார். பொய் எழுதினேன்."

"அப்போ சொன்னது பொய்யா, இப்போ சொல்றது பொய்யாம்மா?"

டாக்டரம்மா தரையைப் பார்த்தாள். அவள் கையெழுத்தும் உண்டே. வாசலில் சவரி கும்பிட்டுக்கொண்டு, "நான் தொட்டதே இல்லீங்கோ." குழந்தை அப்பனிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர்.

கூட வந்திருந்த பு. என்னைத் திட்டியிருக்கலாம். "நான் சொன்னதைத்தானே எழுதினே, நீ இன்னா பண்ணுவே" என்றாள்.

நவ. 17, சனி

மறுபடி தூறல். தையல் பிரிக்க பு. வந்தாள், கையில் துணிமூட்டை. அவன் வீட்டுக்கே திரும்புகிறாளாம். கையைப் பிடித்துக் கெஞ்சினேன், அண்ணன் வீட்டிலேயே இரு என்று.

"பாப்பா தனியா கீதுக்கா. நான் இல்லன்னா அதுக்குத்தானே அடி வுழும்."

அழுதது நான்தான், அவள் இல்லை. நூலைப் பிரித்து, மருந்து தடவினேன். எழுந்து நின்றவள் கொஞ்சம் பஞ்சும் கட்டுத்துணியும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் இவ்வளவு தூரம் வர முடியாதாம்.

எடுத்து வைத்தேன். பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ரெண்டு மட்டும் சின்னதா வெட்டிக் குடுக்கா. பாப்பா கைக்கு இது பெருசு."

வெட்டிக் கொடுத்தேன்.