மல்லிகா பேரில் இருக்கும் நம்பர்

மார்ச் 3, செவ்வாய்

விடியும்போதே வெயில். காற்று சுத்தமா இல்லை. உப்புக்கு நல்லது, நமக்குத்தான் தலை கொதிக்கிறது.

இன்று செய்ய வேண்டியது: ரேஷன். இவருக்கு பிபி மாத்திரை. போனில் குரூப்.

முதல் ரெண்டும் ஆகலை. மூணாவதிலேயே பொழுது போச்சு.

தம்பி சென்னையிலிருந்து வந்து அவனோட பழைய டச் போனைக் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து இந்த யோசனை. உப்பு வாரும் செட்டில் என்னோடு சேர்த்துப் பதினாலு பொம்பளைங்க, நான்தான் மேஸ்திரி. நாளைக்கு எந்தப் பாத்தின்னு ஓனர் சாயங்காலம்தான் சொல்வார். ஒரு பாத்தி ரோட்டுப் பக்கம், இன்னொன்று எங்கேயோ கழுவெளி ஏரிப் பக்கம். மாறிப் போனால் வரப்பில் நடந்தே பாதி நாள் போயிடும். அதனால் தினமும் நான் ஒவ்வொருத்திக்கும் போன் போடணும். ஒருத்தி எடுக்க மாட்டாள். ஒருத்தி எடுத்தால் வைக்க மாட்டாள். புஷ்பா மாமியார் கதையை ஆரம்பித்தால் இங்கே என் உலையில் தண்ணி வற்றிடும்.

வாட்ஸப் நாலு பேரிடம்தான். மீதி எல்லாம் பட்டன் போன். ஆக சாதா மெசேஜ்.

பேரைத் தொட்டுத் தொட்டுச் சேர்த்தேன். புஷ்பா, வள்ளி, தேவகி, மல்லிகா... போனில் இருந்த நம்பர் எல்லாம் பழசுதான், அப்படியே சேர்ந்தது. குரூப் பேர்: உப்பு செட். பார்க்கவே பெருமையா இருந்தது. எட்டிப் பார்த்த இவர், "கலெக்டர் ஆபீஸ் நடத்தறியா?" ஆமா, நீங்க வாசல்ல நிக்கிற டவாலி.

நாளை பெரிய மேட்டுப் பாத்தி. அனுப்பியாச்சு. தூங்கப் போறேன்னு சொல்லிட்டு நாலு தடவை எடுத்துப் பார்த்தேன்.

மார்ச் 4, புதன்

மானம் போச்சு.

வந்தது நாலு பேர். பெரிய மேட்டுப் பாத்தி முழுக்க உப்பு பூத்துக் கிடக்க, நானும் அந்த நாலு பேரும் மட்டும் உப்பு இழுக்கும் பலகையைப் பிடித்துக்கொண்டு. ஓனர் பைக்கை நிறுத்திவிட்டு, "ஏம்மா கஸ்தூரி, மெசேஜ அனுப்பிட்டேன்னு சொல்ற. ஆளு எங்க?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிச்சல்.

சாயங்காலம் பஜாரில் ரீசார்ஜ் கடை. கடைக்காரப் பொண்ணு மடியில் குழந்தை, அதன் வாயில் இட்லி ஊட்டிக்கொண்டே என் போனை நோண்டினாள்.

"அக்கா, இது எம்எம்எஸ்ஸா போவுது. நெட்டு இருக்கிறவங்களுக்குத்தான் சேரும். செட்டிங்ல தனித்தனின்னு இருக்குது பாருங்க, அதை வைங்க. எல்லாருக்கும் சாதா எஸ்எம்எஸ்ஸா போவும். பதில் போட்டா உங்களுக்கு மட்டும் வரும்."

மாத்தினாள். தமிழில் அடித்தால் பட்டன் போனில் கட்டம் கட்டமா வருமாம். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடிக்கணும். பத்தாவது படித்தது இதுக்குத்தான் உதவணும்னு இருக்கு.

மாத்திரை மறந்துட்டேன். இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

மார்ச் 6, வெள்ளி

வெயில். லேசாகக் கடல் காற்று.

பதினாலு பேரும் வந்தாங்க! நேற்றும், இன்றும்.

புது சட்டம் போட்டிருக்கேன்: மெசேஜ் பார்த்தவங்க ok அடிக்கணும். எழுதத் தெரியாதவங்க வீட்டில் யாரையாவது அடிக்கச் சொல்லணும். சாயங்காலம் ஒவ்வொண்ணா டிங் டிங்னு வருது. அடுப்பில் குழம்பு, கையில் போன். உப்பு போட்டேனா இல்லையான்னு ஞாபகம் இல்லை. இவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "நாள் பூரா உப்புலயே கெடக்கற, குழம்புல கொஞ்சம் போடக் கூடாதா?"

முதல் ok எப்பவும் மல்லிகாகிட்டேயிருந்து. அனுப்பின கையோடு வந்துடும். தேவகியின் தங்கச்சி. பொங்கல் முடிந்து புருஷனை விட்டுட்டு கீழ்புத்துப்பட்டிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்தவள். அடி. முன் பல்லில் பாதிதான் மிச்சம். கல்யாணத்துக்கு முன்னாடி எங்க செட்டில் இருந்தவள்தான், கல்யாணமான பிறகும் சீசனுக்குச் சீசன் வந்து போவாள். இப்போது திரும்ப வந்திருக்கிறாள். பேச்சு கம்மி. பலகை இழுக்கிற வேகத்துக்கு நான் ஈடு கொடுக்க முடியாது.

பொறுப்பான பொண்ணு.

மார்ச் 7, சனி

மனசு சரியில்லை.

காலையில் டீக்கடை திருப்பத்தில் சேகர். மல்லிகா புருஷன். லோடு ஆட்டோவை ஓரங்கட்டி அதன் மேல் சாய்ந்து நிற்கிறான். நாங்கள் வரப்பில் இறங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றான். மல்லிகா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து மோட்டார் கொட்டாய் வழியா போனோம், அங்கயும் நின்னான்க்கா. உன்கிட்ட சொல்லல."

"யாரு சொல்றா இவனுக்கு?"

"தெரியல. எங்க போனாலும் முன்னாடியே வந்து நிக்கிறான்."

நாள் பூரா ரோட்டையே பார்த்தாள். பலகை பாதி இழுக்கும், நிற்கும். மதியம் சோறு அப்படியே திருப்பிக் கொண்டுபோனாள்.

சாயங்காலம் குரூப்பில் போட்டேன்: திங்கள்கிழமை சின்னப் பாத்தி. யாரும் டீக்கடைப் பக்கம் வராதீங்க, கோயில் பின்னாடி வரப்பு வழியா வாங்க, மல்லிகாவைத் தனியா விடாதீங்க.

நல்ல ஏற்பாடு. ok எல்லாம் வந்துடுச்சு. மல்லிகாதான் முதல்.

மார்ச் 9, திங்கள்

கோயில் பின்னாடியே நிற்கிறான்.

சின்னப் பாத்தின்னு பதினாலு பேருக்கும் ஓனருக்கும்தான் தெரியும். ஓனருக்கு அவனைத் தெரியாது. அப்படியென்றால் எங்களில் ஒருத்தி. யாருக்கு வாய் நீளம்? புஷ்பாவுக்கு. அவள் வீட்டுக்காரர் லோடு ஏற்றப் போகிற இடத்தில் சேகரைப் பார்ப்பவர்.

கேட்டுட்டேன். எல்லார் எதிரிலும். "மாமியார் கதை போதலைன்னு இவ கதையையும் விக்கிறியா?"

புஷ்பா பலகையைப் பாத்தியிலேயே போட்டாள். "இன்னாக்கா பேசற நீ? எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது. நான் போய் சொல்வேனா?" அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள். கண்ணீர் நடிப்பாகத் தெரியலை. ஆனால் வேறு யார்?

வீட்டில் எதிலும் கை ஓடலை. துணியை ஊற வைத்துட்டு மறந்துட்டேன். போனை எடுக்கிறேன், வைக்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

எழுத்து கோணல்.

மதியம் புளியமரத்தடி. மல்லிகாவுக்குக் கொஞ்சம் தெம்பு வரட்டுமேன்னு பேச்சுக் கொடுத்தேன். "எல்லாரையும் கெஞ்சணும், நீ ஒருத்திதான் மெசேஜ் போன உடனே ok போடற."

நிமிர்ந்து பார்த்தாள்.

"நானா? என்கிட்ட ஏதுக்கா போனு? தேவகிக்காதானே அதுக்கு வந்த மெசேஜ எனக்கும் சொல்லுது?"

எச்சில் கையைத் துடைத்தேன்.

போனை எடுத்து அந்த நம்பரைக் காட்டினேன். எழுத்துதான் தெரியாது அவளுக்கு, நம்பர் தெரியும். கடைசி எண்ணைப் பார்த்ததும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இது அவன் போனு."

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு போன். அது ஆம்பளை பாக்கெட்டில் இருக்கும். மல்லிகாவோட பேசணும்னா சேகர் நம்பருக்குப் போட்டு, "கொஞ்சம் மல்லிகாகிட்ட குடு"ன்னு கேட்பேன். அதனால் அந்த நம்பருக்குப் பேர் மல்லிகா. என் போனில் பாதிப் பேர் இப்படித்தான். வள்ளி என்றால் வள்ளி புருஷன். புஷ்பா என்றால் புஷ்பா மாமனார். இத்தனை வருஷத்தில் யாருக்கும் இது தப்பாகத் தோணினதே இல்லை.

தினமும் சாயங்காலம் நானே அவனுக்குச் சொல்லியிருக்கேன். எந்தப் பாத்தி, எந்த வழி, தனியா விடாதீங்க என்பது வரைக்கும். அவன் ok போட்டிருக்கான். பொறுப்பான பொண்ணுன்னு நான் பூரித்துப் போயிருக்கேன். த்தூ, நானும் ஒரு மேஸ்திரி.

புஷ்பா வீட்டுக்குப் போனேன். மன்னிச்சிடுன்னு சொன்னேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினாள், உள்ளே கூப்பிடலை. சரிதான்.

அவன் நம்பரை எடுத்துவிடலாம். ஆனால் மெசேஜ் நின்றால் தெரிஞ்சிடுச்சுன்னு புரிஞ்சிக்குவான். நேரா தேவகி வீட்டு வாசலுக்கு வருவான். யோசித்து யோசித்து ஒண்ணு செய்தேன். குரூப்பிலிருந்து அவனை எடுத்துட்டு, அவனுக்கு மட்டும் தனியா ஒரு மெசேஜ்: நாளை கழுவெளிப் பக்கம். மற்றவர்களுக்கு: பெரிய மேடு.

ok, என்றான் உடனே.

மார்ச் 11, புதன்

மேகமூட்டம். மழை வந்தால் உப்பு போச்சு. வரலை.

அவன் பெரிய மேட்டுப் பக்கம் வரவே இல்லை. மல்லிகா பதினோரு மணிக்குள் ரெண்டு பேர் வேலை செய்தாள். பாட்டுகூட முணுமுணுத்தாள். தேவகியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். என் சாமர்த்தியத்தை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியுமா?

ஆனால் உள்ளே அரிக்குது. கழுவெளிப் பக்கம் தனியா ஒருத்தன் நின்றுகொண்டு இருந்திருப்பான். நாளைக்கும் ஒரு பொய், நாளை மறுநாளும். இடம் தீர்ந்துபோனால்? ஒருநாள் மறந்துபோய் ரெண்டையும் மாத்தி அனுப்பிட்டால்? அனுப்பறதுக்கு முன்னாடி மூணு தடவை படிக்கிறேன், அனுப்பினதுக்கு அப்புறம் மூணு தடவை.

மாத்திரை வாங்கியாச்சு.

மார்ச் 12, வியாழன்

தேவகி வாய் சும்மா இருக்குமா. மல்லிகாவிடம் சொல்லிவிட்டாள்.

வேலை முடிந்து கால் கழுவும் இடத்தில் மல்லிகா வந்து நின்றாள். இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"யாரைக் கேட்டுக்கா செஞ்ச? நான் எங்க நிக்கணும்னும் நீதான் சொல்ற. அவன் எங்க நிக்கணும்னும் நீதான் சொல்ற. நாங்க ரெண்டு பேரும் இப்போ உன் போன்லதான் குடும்பம் நடத்திக்கினு கெடக்கறோம்."

சுருக்கென்றது. உனக்காகத்தானே செய்தேன்னு கத்தத் தோணிச்சு. கத்தலை. அவள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூடத் தள்ள முடியலை.

"ஸ்டேஷனுக்குப் போலாம், நான் கூட வர்றேன்."

"போலாம். மொதல்ல என் வாயால சொல்றேன். கேக்கலன்னா போலாம். போனை எடு, நான் சொல்றத அடி."

அடித்தேன். அவள் சொல்லச் சொல்ல: நாளை ரோட்டுப் பக்கப் பாத்தி. நான் அங்கதான் இருப்பேன். வா. மல்லிகா.

"இதையே எல்லாருக்கும் அனுப்பு. அவனுக்கும்."

கட்டைவிரல் போக மாட்டேன்னு நின்றது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அனுப்பினேன்.

ok வந்தது, ஒவ்வொண்ணா. புஷ்பா ok மட்டும் போடலை, "நான் இருக்கேன்"னு மகளை விட்டு அடித்து அனுப்பியிருந்தாள். அவன்கிட்டேயிருந்து ஒண்ணும் இல்லை. சாப்பாடு வேண்டாம்.

மார்ச் 13, வெள்ளி

எல்லாரும் சொன்ன நேரத்துக்கு முன்னாடியே. பலகைச் சத்தம் மட்டும்.

வந்தான். நான் நினைத்தபடி இல்லை. இஸ்திரி போட்ட சட்டை, தலையில் எண்ணெய், கையில் ஒரு துணிப்பை, பொட்டலத்தில் பூ. கூட்டிப்போக வந்திருக்கிறான்! மெசேஜை அப்படிப் படித்திருக்கிறான். பார்க்க ஒரு நிமிஷம் பாவமாகக்கூட இருந்தது. அப்புறம் அவள் பல்லைப் பார்த்தேன்.

மல்லிகா வரப்பேறிப் போனாள். பலகை கையிலேயே.

"உன்னை வரச் சொன்னது உன்கூட வர்றதுக்கு இல்ல. நான் வரமாட்டேன். திருட்டுத்தனமா தெரிஞ்சிக்கினு வந்து நிக்கிற பாரு, இதோட நிறுத்திக்க. இனிமே எங்கயாவது நின்னா நேரா ஸ்டேஷன்தான். இவங்க எல்லாரும் கேட்டுக்கினாங்க."

"புருஷன் பொண்டாட்டி பேச்சுக்கு ஊரைக் கூட்டி வச்சிக்கினு பேசறியா?"

புஷ்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஆமா, ஊருதான். இன்னா இப்போ?"

அவன் எங்களை ஒவ்வொருத்தியா பார்த்தான். பையையும் பூவையும் வரப்பில் வைத்தான். போய்விட்டான். மல்லிகா திரும்பி வந்து விட்ட இடத்திலேயே பலகையை இழுத்தாள். மதியம் பையைப் பிரித்தாள். அவள் புடவைகள். "என் சம்பளத்துல எடுத்தது"ன்னு எடுத்து வைத்துக்கொண்டாள். பூவை யாரும் தொடலை.

சாயங்காலம் தேவகி வீட்டில். ஓனர் போன்: நாளை கழுவெளிப் பக்கம். அவனுக்கு ஒண்ணும் போடாமல் குரூப்பில் மட்டும் அனுப்பினேன். ok, ok, ok.

அப்புறம் ஒரு டிங். மல்லிகான்னு பேர்.

"அக்கா நாளைக்கு எந்தப் பாத்தி."

அவ்வளவுதான் எழுதியிருந்தது. கோபம் இல்லை, மிரட்டல் இல்லை. தினமும் கேட்கிறவன் மாதிரி.

படித்துக் காட்டினேன். மல்லிகா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"இவன் மெசேஜே வராம பண்றதுக்கு எங்க அமுக்கணும்?"

காட்டினேன். நிச்சயமா செய்யணுமான்னு போன் கேட்டது. அதையும் படித்துச் சொன்னேன்.

அவளே அமுக்கினாள்.