துண்டு அசைந்தது, அக்கா

விரல் இடுக்கெல்லாம் எறும்பு கடித்து வீங்கிக் கிடக்கிறது, அக்கா. பேனாவைப் பிடித்தால் எரிகிறது. தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு எழுதுகிறேன். வெளியே தெரு முழுக்க மீன்குழம்பு வாசனை. ஏழு வருஷத்துக்குப் பிறகு இன்றைக்குப் பெரிய கண்மாயில் மீன்பிடித் திருவிழா. வீட்டுக்கு வீடு விராலும் கெளுத்தியும் கொதிக்கின்றன. நம் வீட்டில் மட்டும் ரசம். உங்கள் கொழுந்தனார் என்னை முறைத்துக்கொண்டே இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்து போனார். முறைக்கட்டும்.

ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நீங்கள் இந்த வீட்டுக்கு மூத்த மருமகள், நான் இளையவள். என் வண்டவாளம் முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். நீங்கள் போய் அடுத்த மாதத்தோடு ஏழு மாதம் ஆகிறது.

பெரிய கண்மாய் என்று பேர்தான் பெரிசு. காலையில் நடக்க ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் கரையைச் சுற்றி வந்துவிடலாம். ஆனால் திருவிழா அன்றைக்குப் பார்க்க வேண்டுமே! பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து மினி வேனிலும் பைக்கிலும் சனம் வந்து நாலு கரையிலும் அடைத்துக்கொண்டு நிற்கும். யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. ஊருக்குத் தலைவரான அம்பலம் மடைக்கருப்புக்குத் தேங்காய் உடைத்துச் சாமி கும்பிட்டு, மடைமேல் ஏறி நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். துண்டு அசைந்ததும் ஊரே உள்ளே விழும், அதைத்தான் கண்மாய் அழிகிறது என்போம். பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டில்தான் ஆக்கித் தின்ன வேண்டும். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குக் கோபம் சரியாக வருகிறது.

ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு நீங்கள் இறங்கினால் ஆம்பிளைகள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அடியும் மேலும் திறந்த அந்த மூங்கில் கூடையைச் சேற்றில் ஓர் அமுக்கு அமுக்கி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவுவீர்கள். கண் எங்கேயோ ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். "குத்துனா கெளுத்தி, வழுக்குனா விராலு, ரெண்டும் இல்லாம சுத்துனா பாம்பு, கைய எடுத்துருடி" என்று எனக்குப் பாடம் வேறு. நான் எங்கே இறங்கினேன்? எனக்கு அட்டைப் பயம். மீன்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையிலேயே நிற்பேன்.

ஏழு வருஷத்துக்கு முந்திய திருவிழாவுக்கு மூன்று நாள் முன்னால் நமக்குள் சண்டை. என் அண்ணன் வீட்டு ஆட்கள் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, "எங்க சின்னவ வைக்கிற கொழம்பப் பாத்தா சட்டியில கெடக்குற மீனு திரும்பிக் கண்மாய்க்கே ஓடிரும்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். என் அண்ணன் பெண்டாட்டி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குப் பற்றி எரிந்தது. மூன்று நாள் உங்களோடு பேசவில்லை. ஆனாலும் கூடையைத் தூக்கிக்கொண்டு உங்கள் பின்னால் வந்தேன், வராவிட்டால் மாமியார் திட்டுவாரே என்று.

அன்றைக்கு நான் மடைக்குப் பக்கத்தில், அம்பலத்துக்கு நாலடி தள்ளி நின்றேன். தேங்காய் இன்னும் உடைக்கவில்லை. ஒரு குளவி அவர் காதைச் சுற்றி வந்தது. அவர் தோளில் கிடந்த துண்டை உருவி, பட்டென்று ஒரு வீசு வீசி அதை விரட்டினார். நீங்கள் அந்தப் பக்கம் முதல் வரிசையில் நின்றீர்கள். வெள்ளை அசைந்ததைப் பார்த்தீர்கள், குதித்தீர்கள். உங்களைப் பார்த்து நாலு கரையும் குதித்தது. அவ்வளவுதான் நடந்தது. இதை என் கண்ணால் பார்த்தேன்.

மனுஷன் முகம் செத்துவிட்டது. சாமி கும்பிடும் முன்னால் கண்மாய் அழிந்துவிட்டது என்று ஊர் கேட்டால், அவர் என்ன பதில் சொல்வார்? ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மைக்கை வாங்கினார். "துண்டு வீசல! துண்டு வீசு முன்ன ஒரு பொம்பள எறங்கிட்டா. யாருன்னு பாருங்கய்யா!"

நீங்கள் இடுப்பளவுச் சேற்றில், முழங்கை நீளத்துக்கு ஒரு விராலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றீர்கள். "துண்டு அசைஞ்சுச்சு. நான் பாத்தேன்" என்றீர்கள். "அப்ப நான் பொய் சொல்றேனா?" என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் அவருக்குப் பக்கத்தில் நிற்கிறேன், எனக்குத் தெரியாமல் இருக்காது என்று உங்களுக்குத் தெரியும். நான் குனிந்து கூடைக்குள் பார்த்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? இப்போது ஒளிக்க ஒன்றும் இல்லை. கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, அக்கா. என் குழம்பைப் பற்றி வாய்கொழுத்துப் பேசினாளே, ரெண்டு நாள் படட்டும் என்று நினைத்தேன். ரெண்டு நாள் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன், சத்தியமாக. உங்களை அந்த மீனை விடச் சொன்னார்கள். விட்டீர்கள். ஊத்தாவைப் பிடுங்கிக் கரையில் போட்டு மிதித்தார்கள். ஈரச்சேலையோடு, யார் முகத்தையும் பார்க்காமல், தெரு வழியாக நடந்து வந்தீர்கள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. அதற்குப் பிறகு பெய்தாலும் கண்மாய் பாதிக்கு மேல் நிறையவில்லை, திருவிழாவும் இல்லை. பழி முழுக்க உங்கள் தலையில். குழாயடியில் நீங்கள் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும். "சாமிக்கு முந்துனவ" என்று முதுகுக்குப் பின்னால் பேர் வைத்தார்கள். ரெண்டு நாளில் சொல்ல வேண்டியதை அதற்கு மேல் எப்படிச் சொல்வேன்? இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார்களே! என் வாய் அப்படியே பூட்டிக்கொண்டது.

நீங்கள் கண்மாய்ப் பக்கமே போகவில்லை. கோட்டைப்பட்டினத்திலிருந்து மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவரிடம் கடல்மீன்தான் வாங்கினீர்கள். ஒருநாள் கொல்லையில் இரண்டு பேரும் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தோம். தலையை நிமிர்த்தாமல் கேட்டீர்கள்: "அன்னைக்குக் கூடைக்குள்ள என்னத்தடி பாத்த? வெறுங்கூடதான?" நான் செதிலைச் சுரண்டிக்கொண்டே இருந்தேன். நீங்களும் திருப்பிக் கேட்கவில்லை. குழம்பு கொதித்ததும் பெரிய துண்டாகப் பார்த்து என் தட்டில் போட்டீர்கள். அந்த மீனை நான் எப்படித் தின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஐப்பசியில் சர்க்கரை முற்றிப் போய்ச் சேர்ந்தீர்கள். உங்களுக்குக் காரியம் முடிந்த வாரமே அடைமழை. கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வெளியே ஊற்றியது. ஊரே வேடிக்கை பார்க்கப் போனது, நானும் போனேன். அங்கே அந்த அம்பலம் கலுங்குக் கல்மேல் நின்றுகொண்டு, சிரித்துக்கொண்டு சொன்னார்: "பீட தொலைஞ்சுச்சு, கண்மா பெருகிருச்சு." பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். அதைக் கேட்ட நொடியில் முடிவு செய்தேன். உன்னை விட மாட்டேன்டா.

துண்டு, தேங்காய், வெற்றிலை எல்லாம் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவருவது வருஷம் ஒரு வீட்டு முறை அல்லவா? இந்தத் தடவை நம் வீட்டு முறை. முறை இல்லாவிட்டாலும் யார் காலிலாவது விழுந்து வாங்கியிருப்பேன். விடிந்ததும் புதுத் துண்டை மடித்து, மடிப்புக்குள் வெல்லத்தைப் பொடித்துத் தூவி, கொல்லை மாமரக் கிளை இடுக்கில் வைத்தேன். காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் செவ்வெறும்பு மொய்த்துக் கிடக்கிறது. பூப்போல எடுத்தேன். அப்படியும் பத்து விரலிலும் கடித்துவிட்டது. மேலே வெற்றிலையைப் பரப்பி மூடிக்கொண்டு நடந்தேன்.

திட்டம் இதுதான். துண்டைத் தோளில் போடுவார், எறும்பு கடிக்கும், பூஜை முடியுமுன் உதறுவார். கூட்டம் குதிக்கும். இந்தத் தடவை கரை நெடுக செல்போன். நூறு பேர் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். துண்டை அசைத்தது யார் என்று உலகமே பார்க்கும். அப்போது மைக்கைப் பிடுங்கி, அன்றைக்கும் இப்படித்தான் என்று சொல்லிவிடலாம்.

துண்டைத் தோளில் போட்டார். நான் அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றேன். சூடம் ஏற்றினார்கள். முதல் கடி பிடரியில் விழுந்திருக்க வேண்டும், தோள் துள்ளியது. கை மேலே போனது. துண்டை இதோ உருவப் போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் தண்ணீரோரம் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை கண்ணும் அந்தத் துண்டின் மேல். கை அப்படியே இறங்கிவிட்டது. காது சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஒரு எறும்பு கன்னத்தில் ஏறிக் கடித்தது. மனுஷன் அசையவில்லை, அக்கா. தேங்காய் உடைகிற வரைக்கும் மரம் மாதிரி நின்றார்.

அதுவரைக்கும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. குளவியை விரட்டிய பதற்றத்தில் துண்டு அசைந்ததே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமோ என்று. தெரியும். துண்டை அசைத்தால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஏழு வருஷமாகத் தெரிந்தேதான் உங்களைப் பீடை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

தேங்காய் உடைந்ததும் துண்டை வீசினார். கரை இடிந்த மாதிரி சனம் உள்ளே விழுந்தது. அவர் துண்டைத் தூர எறிந்துவிட்டு மடைக்கல்லில் உட்கார்ந்து கழுத்தைத் தேய்த்தார். நான் போய் முன்னால் நின்றேன்.

"என்ன அம்பலத்தாரே, கடிச்சா ஒதற வேண்டியதுதான?"

"ஒதறுனா எறங்கிருவாய்ங்கள்ல, தாயி."

"அன்னைக்குக் குளவிக்கு ஒதறுனீங்களே?"

கழுத்தைத் தேய்த்த கை நின்றது. என் வீங்கிய விரல்களைப் பார்த்தார். புரிந்துவிட்டது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. மெதுவாகக் கேட்டார்: "நீயும் பக்கத்துலதான நின்ன? ஒரு வார்த்தை சொன்னியா?"

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆனால் திரும்பி வரவில்லை. மைக்செட்காரர் கையிலிருந்த மைக்கை வாங்கினேன். "ஏழு வருசத்துக்கு முந்தி சாமிக்கு முந்துனது எங்க அக்கா இல்ல. இவரு துண்டு அசைஞ்சுச்சு. குளவிய வெரட்டுனாரு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். பாத்துட்டு வாயத் தொறக்கல." சொல்லிவிட்டேன். அம்பலம் தலையைக் குனிந்துகொண்டார், இல்லை என்று சொல்லவில்லை.

யார் கேட்டார்கள்? தண்ணீருக்குள் ஆயிரம் பேர் கூச்சல் போட்டு மீனை அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள். கரையில் நின்ற நாலைந்து பெண்கள்தான் திரும்பினார்கள். அவர்களில் ஒருத்தி, குழாயடியில் பேர் வைத்தவளேதான், "பழைய கத, விடுங்கக்கா. போனவங்களப் பத்தி இப்ப எதுக்கு?" என்றாள்.

"போன ஐப்பசியில பீடன்னு சொன்னப்ப ஆமாம் போட்டியே, அது பழசாடி?" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

நான் நினைத்த பழி முடியவில்லை, அக்கா. நாலு பேருக்குச் சொன்னது போதாது, உங்களை நாலு கரையும் அல்லவா ஏசியது? இனிமேல் கண்மாய் அழிகிற ஒவ்வொரு வருஷமும் போவேன். மைக் தராவிட்டால் தொண்டை இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தாலும் சொல்வேன், செத்துப்போனாலும் விட மாட்டேன். அவர் பேரைச் சொல்கிற அதே மூச்சில் என் பேரையும் சொல்வேன்.

நீங்கள் இளகிய மனசுக்காரர். அங்கே இருந்துகொண்டு, போனால் போகிறாள் என்று என்னை மன்னித்துவிடாதீர்கள். மன்னித்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் நான் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவேன்.