கருவாயன் யார் கையில் தின்ன வேண்டும்?

என்னை ஒருநாளும் பேர் சொல்லாமல் ‘தாயி’ என்றே கூப்பிட்ட என் மாமனாருக்கு,

சண்டை போடத்தான் எழுதுகிறேன், மாமா. நீங்கள் இருந்தவரை உங்கள் முன்னால் குரலை உயர்த்தியதில்லை. இப்போது கொஞ்சம் சத்தமாகவே பேசப் போகிறேன்.

நீங்கள் போன அன்றிலிருந்து உங்கள் நாய் கருவாயன் சாப்பிடவில்லை. தொழுவத்து வேப்பமரத்தடியில் படுத்தவன், தண்ணீர் குடிக்க மட்டும் எழுந்தான். துக்கம் கேட்க வந்தவர்கள் அவனையும் போய்ப் பார்த்தார்கள், செல்போனில் படம் பிடித்தார்கள். பரளச்சி ஊர் முழுக்க அவனுடைய விசுவாசத்தைப் பற்றித்தான் பேச்சு. எனக்கும் அழுகையாக வந்தது.

லாரி ஓட்டுகிற உங்கள் மகன், என் வீட்டுக்காரர், பொறுத்துப் பார்த்துவிட்டுக் கம்பை எடுத்தார். அடித்தால் வழிக்கு வரும் என்பது உங்களிடம் கற்றதுதானே? கருவாயன் அவர் கையைக் கவ்விவிட்டான். அருப்புக்கோட்டையில் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

“இது இனி ஆகாது. அடுத்த லோடு போறப்ப ஏத்திட்டுப் போயி, பந்தல்குடி தாண்டி எறக்கி விட்டுட்டு வாரேன்.”

தின்னாத நாயை ரோட்டில் விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அந்த லோடு வரும்வரை பொறுங்கள் என்று தவணை கேட்டு வாங்கினேன்.

மறுநாள் எதிர்வீட்டு மதினி கருவாட்டுத் துண்டோடு வந்தார். வாசம் பட்டு அவன் மூக்கு அசைந்தது. மதினி கையை நீட்டியதும், வயிற்றைத் தரையோடு ஒட்டவைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டான்.

மதினி கையை மடக்கிக்கொண்டார். “ஒன் மாமா பழக்குனது. குட்டியா இருக்கையில என்னையக் கருவாடு நீட்டச் சொல்லுவாக. அது வாயத் தொறந்தா, பின்னாலருந்து கம்பால ஒரு போடு போடுவாக.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது, மாமா. ஊரே விசுவாசம் என்று கொண்டாடியது பயம். அவனுக்குத் துக்கம் இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் அவனுக்கும் சோற்றுக்கும் நடுவில் நின்றது உங்கள் கம்புதான்.

ஏன் அப்படிப் பழக்கினீர்கள் என்றும் தெரியும். ஆடு திருட வந்தவன் கறியில் விஷம் வைத்து உங்கள் பழைய நாயைக் கொன்றது உங்களுக்கு ஆறவே இல்லை. “கண்டவுக கையில திங்கிற நாயி காவலுக்கு ஆகாது, தாயி” என்பீர்கள். காவலை யோசித்தீர்கள். உங்களுக்குப் பிறகு அவன் யார் கையில் தின்பான் என்று யோசித்தீர்களா?

மற்றதும் அப்படித்தான். கோழி மூடுகிற பஞ்சாரத்துக்குள் குட்டியை அடைத்து, வெளியாள் முகமே காட்டாமல் வளர்த்தீர்கள். ரோஷம் வரும் என்று சோற்றில் மிளகாயைப் பிசைந்தீர்கள். வந்தது வயிற்றுக்கடுப்புதான். வளர்ந்த நாயை மாற்ற முடியாது என்பதும் உங்கள் சட்டம். அதையும் மீறுவது என்று முடிவு கட்டினேன்.

முதலில் அந்தக் கம்பை அடுப்பில் வைத்தேன். கஞ்சித் தட்டை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளினேன். கூப்பிடவில்லை, கொஞ்சவில்லை. அன்று ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் தட்டை நக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் கண்ணைத் துடைத்தேன். மிளகாய்க் கை. எரிந்த எரிச்சலில் உங்களைத்தான் திட்டினேன்.

லோடு வந்த அன்று அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்ற உங்கள் மகன், அவனை ஏற்றாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். தட்டிலிருந்து என் கைக்கு வர மாதக்கணக்காகி, சித்திரையே பிறந்துவிட்டது. பிறகு மதினி கை. ஒரு நாள் உங்கள் மகன் வழியில் வாங்கிய புரோட்டாவோடு வந்து, தழும்பு இருக்கிற கையாலேயே நீட்டினார். கருவாயன் ரொம்ப நேரம் அந்தக் கையைப் பார்த்தான். அப்புறம் பல் படாமல் வாங்கிக்கொண்டான்.

காவல் என்ன ஆனது என்று கேட்பீர்கள். போன மாதம் விடிகாலையில் கிணற்று மோட்டார் வயரை அறுக்க வந்தவர்களை, ஊரைக் கூட்டி விரட்டினான். ஊரார் கையில் தின்கிற நாய்தான் விரட்டியது. தரையில் கிடப்பதை எடுக்கக் கூடாது என்றும் பழக்கிவருகிறேன். அது இன்னும் அரைகுறைதான். விஷத்தை நினைத்தால் உங்களைப் போலவே எனக்கும் பயம்தான். ஆனாலும் கம்பைத் தொட மாட்டேன்.

ஒரு வாக்குத் தருகிறேன், மாமா. இந்த வீட்டில் இனி எந்த நாயும் ஒரே ஒருவர் கையை நம்பி வளராது. ஒருநாள் நானும் உங்களிடம் வந்து சேருவேன். அன்றைக்குத் துக்கம் கேட்க வருகிறவர்கள் யார் சோறு வைத்தாலும், நம் வீட்டு நாய் தின்ன வேண்டும். நன்றி கெட்ட நாய் என்று ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லை மீறி உங்கள் நாய்க்குச் சோறு வைக்கிற,
மூத்த மருமகள்.