முள் இறங்கிய நாள்

வே மாப்பிள்ளை,

இதை ஒருத்தனும் நம்பமாட்டான் என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன். நீர் நம்பாமல் போனாலும் இனி என்னிடம் எதிர்வாதம் செய்ய வரப்போவதில்லை.

காலையில் புது ஃபில்டர் பெட்டியைப் பிரித்தேன். மடிப்பு மடிப்பாக வெள்ளைக் காகிதம். பள்ளிக்கூடம் திறந்த வாரத்துப் புது நோட்டு வாசனை. அதற்கு ஏன் உம் ஞாபகம் வர வேண்டும்? உம்மிடம் எப்போதும் கருகிய இரும்பு வாசனைதானே.

கங்கைகொண்டான் ஷெட்டில் நீர் வெல்டர். உம் தலைக்கு மேல் தும்பிக்கையை நீட்டி நின்ற புகை உறிஞ்சும் இயந்திரத்துக்கு நான் பாகன். அது முழுமூச்சாக இழுத்தால் புன்னக்காயலில் கடலுக்குள் போன ஆறு பாளையங்கோட்டைக்குத் திரும்பி வரும் என்பேன். உள்ளே போன காக்கை கொக்காக வெளியே வந்தது என்பேன். "நீரும் ஒருக்கா உள்ள போயிட்டு வாரும் வே, கொஞ்சம் வெளுக்கட்டும்" என்பீர்.

அதற்கு நாடி பார்ப்பது ஒரு சின்ன முள். ஃபில்டரில் கரி அடைக்க அடைக்க முள் ஏறும். சிவப்புக் கோட்டைத் தொட்டால் புதியது மாட்ட வேண்டும். மழை தொடங்கிய ஒரு வாரம் முள் சிவப்பில் நின்றது. புதியது வந்து சேரவில்லை. நான் யார்? பழையதைக் கழற்றி கம்ப்ரசர் காற்றைப் பீய்ச்சினேன். திரும்ப மாட்டியதும் முள் சர்ரென்று அடிமட்டத்துக்கு இறங்கியது. புதியதற்குக்கூட அவ்வளவு இறங்கியதில்லை. "செத்ததை எழுப்பிட்டேன் வே!" என்று ஷெட் அதிரக் கூவினேன்.

மூன்றாம் நாள் நீர் வந்து நின்றீர். "முள்ளு இறங்கிட்டு. எனக்கு நெஞ்சுல ஏறுதே, வே."

"முள்ளை நம்பும். உம்ம மூக்கு பொய் சொல்லுது."

"நீரு சொன்னாச் சரிதான்" என்று போய்க் குனிந்து பற்றவைத்தீர். என் காக்கையை நம்பாத மனுஷன், அதை நம்பினீர்.

புது ஃபில்டர் வருவதற்குள் மழைக்காலமே முடிந்தது. அதற்குள் இருமலுக்கு நடுவே பேச்சைச் சொருகப் பழகிவிட்டீர். பிறகு ஆஸ்பத்திரி. பிறகு உம் வீட்டு வாசலில் பந்தல்.

துக்கம் கேட்கப் போனபோது உம் வீட்டம்மா கேட்டாள்: "அண்ணாச்சி, அங்கன புகை ரொம்பவோ?"

"சாம்பிராணி அளவுகூட இல்ல, தாயி."

என் ஆயுளில் நான் குறைத்துச் சொன்ன ஒரே சங்கதி அதுதான்.

காற்றைப் பீய்ச்சினால் காகிதம் கிழியும். கிழிசல் வழியே புகை தடையில்லாமல் ஓடும். தடை இல்லையென்றால் முள் இறங்காமல் என்ன செய்யும்? இப்போது என்னோடு வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லுகிறேன். புதியதையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்காமல் மாட்டுவதில்லை. "அன்னைக்கு இது தெரியாமப் போச்சே, அண்ணாச்சி" என்கிறார்கள். தலையாட்டுகிறேன்.

இந்த மடலில் ஏகப்பட்டது புளுகு. ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம், அதை உமக்கு மட்டும் சொல்லுகிறேன்: அன்றைக்கு அதைத் திரும்ப மாட்டும்போதே ஒரு மடிப்புக்குள் என் இரண்டு விரல் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. கிழிசலைச் சுவரோரமாகத் திருப்பி வைத்துத்தான் மாட்டினேன்.