ராமுத்தாய் கையில் அம்மன் காசு

கம்பம்
9-1-1938

அன்புள்ள செல்விக்கு,

கஸ்தூரி எழுதுவது. கல்லூரி விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவள் இன்று சென்னையில் டாக்டர். உன்னைத் தவிர யாரைக் கேட்பேன்?

ஆடியில் நெல் அவித்த அண்டா சரிந்து என் மகள் ராமுத்தாய் கையில் வெந்நீர் கொட்டியதை எழுதியிருந்தேனே, அந்தப் புண் ஆறிவிட்டது. ஆறிய இடம்தான் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்து, தடித்து, கயிறு கயிறாய் எழும்புகிறது. ஓயாமல் சொறிகிறாள். ஆறு வயதுப் பிள்ளை பள்ளியில் கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொள்கிறாள்.

மதுரையில் அறுத்துத் தைத்துவிட்டால் தீர்ந்தது என்று பாப்பாவின் அப்பா நாள் குறித்துவிட்டார்கள், மாசி பிறந்ததும். என் நாத்தனார் மொக்கம்மாள் மதினியோ வீரபாண்டி அம்மனை வேண்டி, மஞ்சள் துணியில் காசு முடிந்து, தழும்பின் நடுவிலேயே இறுக்கிச் சுற்றிவிட்டார்கள். குணமானால்தான் அவிழ்ப்பார்களாம்! எனக்கு இரண்டுமே பயம். வேறு என்னென்ன வழி உண்டோ அத்தனையும் எழுது.

உன் கஸ்தூரி


சென்னை
17-1-1938

அடி கஸ்தூரி,

மாசிக்குள் உனக்குக் கிடைக்க வேண்டுமே என்று உடனே எழுதுகிறேன். எழும்பும் தழும்பை அறுத்தால் சிலருக்கு முன்னைவிடப் பெரிதாய் வளரும். ரேடியமும் எக்ஸ்ரேயும் இங்கே உண்டு. வளரும் எலும்பின் மேல் அதைப் பாய்ச்ச என் மனம் ஒப்பவில்லை. தொடைத் தோலை எடுத்து ஒட்டுவது, கை நீட்ட முடியாமல் இழுத்துக்கொண்டால் மட்டும். எண்ணெய் தடவினால் அரிப்பு குறையும். பொறுத்திருந்தால் தானே அடங்குவதும் உண்டு.

முதலில் அது தானே அடங்கும் வகைத் தழும்பா, பரவும் வகையா என்று தெரிய வேண்டும். வெந்த இடத்தைத் தாண்டி நல்ல தோலிலும் பரவுகிறதா? மேல்கையில் அம்மை குத்திய வடு தட்டையா, மேடா? அந்த மஞ்சள் துணியையும் அவிழ்த்துப் பார். அடியில் புண் வைத்திருக்கப்போகிறது.

ஞானசெல்வி


கம்பம்
24-1-1938

செல்வி! செல்வி!

மதினி சந்தைக்குப் போன நேரம் பார்த்து அவிழ்த்துவிட்டேன். அடியில் புண் இல்லையடி! தழும்பு அமர்ந்து கிடக்கிறது! துணி சுற்றியிருந்த அகலத்துக்கு வெளுத்து, மெத்தென்று, தடவினால் மேடே தெரியவில்லை. துணி முடிந்த இடத்தில், கோடு கிழித்த மாதிரி, மறுபடி கயிறு எழும்புகிறது. வெந்த இடத்தின் எல்லையை எங்கும் தாண்டவில்லை. அம்மை வடுவும் தட்டைதான்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மதினி வந்துவிட்டார்கள்.

"அடி ஆத்தே! சாமிக்கு முடிஞ்சத அவுத்துப்புட்டியே! பி.ஏ. படிச்சவளுக்கு அம்மன்னா அடுப்படிப் பூனையா?"

"மதினி, கோவிச்சுக்கிறாதீக, இங்கன பாருங்க, இங்கன!"

பார்த்தார்கள். பிறகு அவர்கள் போட்ட குலவையில் தெருவே கூடிவிட்டது.

நான் காண்பது நிஜமா, என் ஆசையா? மாசி வருகிறதே, அறுவையை நிறுத்தச் சொல்லவா?

கஸ்தூரி


சென்னை
29-1-1938

கஸ்தூரி,

நிஜம்தான்! உன் கடிதத்தை எங்கள் பெரிய டாக்டரிடம் காட்டினேன். வாங்கி மறுபடியும் படித்தார். அழுத்திக் கட்டினால் தழும்பு அமரும் என்று பழைய புத்தகங்களில் ஏதோ சில வரிகள் உண்டு. நாங்கள் கத்தியையே பார்த்துப் பழகிவிட்டோம்.

அறுவையை நிறுத்து. துணியை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அகலமாய்ச் சுற்று. விரல் நுனி சில்லிட்டாலோ நீலம் பூத்தாலோ உடனே தளர்த்து. தினமும் கையைக் கழுவி, எண்ணெய் தடவி, துணி மாற்றிக் கட்டு. ஒரு வருஷம் விடக் கூடாது. பாதியில் விட்டால் மறுபடி எழும்பும்.

மே மாதம் எனக்கு லீவு. உன் கல்யாணத்துக்குக்கூட வராதவள் என்று திட்டுவாயே, இந்த முறை கம்பத்துக்கே வருகிறேன்!

செல்வி


கம்பம்
22-4-1938

என் செல்விக்கு,

பதில் பிந்திவிட்டது, கோபிக்காதே. மேடு பாதிக்கு மேல் அமர்ந்துவிட்டது. அரிப்பு இல்லை. போன வாரம் பள்ளியில் கையை வீசி வீசிக் கோலாட்டம் அடித்தாள். பாப்பாவின் அப்பா, தூணுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஆனால் நேற்று ஒரு சிக்கல் வந்தது.

"அம்மன் கேட்டுட்டா. திருவிழாவுல காச உண்டியல்ல போட்டுறணும். சாமிக்கு நேந்தத வீட்டுல வச்சிருக்கக் கூடாது" என்றார்கள் மதினி.

"டாக்டரம்மா ஒரு வருஷம்னு சொன்னாக, மதினி!"

"டாக்டரம்மா துணியக் கட்டு. யாரு வேணாம்னா?"

காசில்லாத வெறும் துணியைக் கட்டினேன். ராமுத்தாய் அரை நாளில் பிய்த்து எறிந்துவிட்டாள். "சாமி காசுன்னா இருப்பேன், இது எனக்கு வேணாம்" என்று ஒரே அழுகை. தினம் துணி மாற்றும்போதும் அந்தக் காசைத் தானே கையில் பொத்தி வைத்துக்கொள்வாளடி!

மதினியின் காலைப் பிடிக்காத குறை. கடைசியில் இறங்கி வந்தார்கள். "அப்ப புதுசா ஒண்ணு வேண்டி, வேற காசு முடி. பொய்யா வேண்டாத. நெஞ்சுல கெடக்குறதக் கேளு."

யோசிக்கவே இல்லை. வாய் தானாய்ச் சொல்லிவிட்டது: "என் செல்வி எங்க வீட்டுக்கு வரணும்."

முடிந்தாயிற்று. நீ எங்கள் வாசற்படி மிதிக்கிற அன்றே அவிழ்த்துவிட வேண்டுமாம், மதினி கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார்கள்.

ஆகையால், தங்கமே, மே மாதம் வராதே! பாப்பாவை நானே சென்னைக்குக் கூட்டி வந்து காட்டுகிறேன். அங்கே ஆசை தீரப் பேசிக்கொள்வோம். நீ மட்டும் கம்பம் பஸ்ஸில் ஏறிவிடாதே. அடுத்த சித்திரையில் வா. அப்போதும் வராமல் இருந்தாயோ, மதினியையே சென்னைக்கு அனுப்பி உன்னை இழுத்துவரச் சொல்வேன்!

வராதே வராதே என்று வழி பார்த்திருக்கும்,
கஸ்தூரி