கொல்லங்கோடா, பொள்ளாச்சியா

ஜனவரி 9, 2025

உடுமலையில் அம்மா வீட்டிலிருந்து பாப்பாவோடு கேரளப் பக்கம் முதலமடையில் புகுந்த வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் எந்த டாக்டர் என்ற பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. அத்தைக்குச் சந்தேகமே இல்லை: பொள்ளாச்சி ஆறுமுகசாமி டாக்டர்தான். என் வீட்டுக்காரருக்கும் சின்னதில் அவர்தானாம் வைத்தியம். எனக்கோ கொல்லங்கோட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் ஆன்மேரி டாக்டர்மேல் ஒரு கண். பக்கம், சொல்வதை நின்று கேட்கிறார் என்கிறார்கள்.

"அந்த மலையாளத்துப் புள்ளைக்கு நம்மூட்டுப் பழக்கமெல்லாம் என்ன கண்ணு தெரியும்?" என்றார் அத்தை. இவர் ரெண்டு பேருக்கும் தலையாட்டினார். தங்கமான மனுஷன். முடிவெடுக்க மட்டும் வராது.

ஜனவரி 11

தோப்பு முழுக்க மாம்பூ. மாமா காலையிலேயே மருந்தடிக்கப் போய்விட்டார். அத்தை மாமாவின் பழைய வேட்டிகளைப் பாப்பாவுக்குத் துணியாகக் கிழித்துக்கொண்டிருந்தார். அம்மா கொடுத்துவிட்டதெல்லாம் பரண்மேல். "அப்பாரு வேட்டியில கெடந்தாத்தான் புள்ளைக்கு ஆயுசு கெட்டி." தாத்தா வேட்டிக்கு அப்படி ஒரு சக்தியாம். பச்சைக் கரை வேட்டி, பஞ்சுபோல இருந்தது. அத்தைமேல் எனக்குப் பிரியம் வந்த நாள். எழுதி வைக்கிறேன், எப்போதும் வராது.

ஜனவரி 15

பாப்பாவுக்குத் தொடையிடுக்கில் சிவந்து தடித்திருக்கிறது. அம்மா வீட்டில் ஒரு பொட்டுகூட இல்லையே?

ஜனவரி 16

பொள்ளாச்சி. தடுப்பூசி நாள், கூட்டம் தெருவரைக்கும். ஆறுமுகசாமி டாக்டர் கை நல்ல கை, ஒப்புக்கொள்கிறேன். பாப்பா உதட்டைப் பிதுக்குவதற்குள் ஊசி போட்டு முடித்துவிட்டார். தடிப்பைப் பார்த்து, "ஈரத்துணிதாம்மா, களிம்பு போடுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த குழந்தை மேஜைமேல். அத்தனை கூட்டத்தில் அவரும்தான் என்ன செய்வார்.

ஜனவரி 19

களிம்பு கேட்கவில்லை. கொப்புளம். வாயை வைப்பதும் வீறிட்டு அழுவதுமாகப் பால் குடிக்கவில்லை. அத்தை கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார். இந்த வீட்டுக்கு வந்த பிறகுதானே எல்லாம் — சொன்னால் சண்டை. ஐயோ, என்னால பாத்துட்டு இருக்க முடியல. நாளைக்கு நான் கொல்லங்கோடு போறேன். யாரு வந்தாலும் சரி, வராட்டியும் சரி.

ஜனவரி 20

அத்தையும் வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

ஆன்மேரி டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். பாப்பாவைத் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். எப்போது தொடங்கியது என்று கேட்டார். சிவப்பு எதுவரை போகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போனார். துணி படும் இடம்வரைதான். பிறகு அந்தத் துணியை விரித்துப் பார்த்தார்.

"இது யாரோட முண்டு?"

"புள்ளையோட அப்பாருதுங்க, எங்கூட்டுக்காரருது." அத்தைக்குப் பெருமை.

"அவருக்கு எந்தா பணி?"

"மாந்தோப்புங்க. மருந்தடிக்கறப்ப இதத்தான் கட்டுவாரு. நல்லா வெளுத்துத்தானுங்க கிழிச்சேன்..."

சொல்லும்போதே அத்தைக்கு விளங்கிவிட்டது. முகம் செத்துப்போயிற்று. எனக்கும் விளங்கியது. கோபத்தில் வாயில் வந்ததைக் கொட்டியிருப்பேன்.

டாக்டர் முந்திக்கொண்டார். அத்தையின் கையைப் பிடித்து, "அம்மே, பழைய வேட்டி குழந்தைக்கு நல்லதாணு. ஞானும் அதுதான் சொல்லுவேன். தோப்புக்குப் போன வேட்டி மட்டும் வேண்டா, மருந்து துவைச்சாலும் முழுக்கப் போகாது. கோயிலுக்குக் கட்டின வேட்டி உண்டல்லோ? அதில கிழிச்சுக் கொடுங்க" என்றார். என்னிடம், "வெள்ளிக்கிழமை கொண்டு வரணும். குறையலென்னா ஞான் நினைச்சது தப்பு. அப்போ பாலக்காட்டுக்குப் பெரிய டாக்டர்கிட்ட அனுப்புவேன்" என்றார்.

நான் நினைச்சது தப்பாக இருக்கலாம் என்று ஒரு டாக்டர் வாயால் இன்றுதான் கேட்கிறேன். அத்தையின் பழக்கத்தையும் தள்ளவில்லை, அத்தையையும் குற்றவாளி ஆக்கவில்லை. என் வாயாக இருந்தால் அத்தை ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டார். அந்தப் பெண்ணை நினைக்க நினைக்க எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது.

ஜனவரி 21

மாமாவிடம் அத்தை எப்போது சொன்னாரோ தெரியாது. காலையில் கோயில் தேர் நோம்பிக்குக் கட்டும் வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து, தானே கிழித்துக் கொடுத்தார். தோப்பு வேட்டிகளுக்குக் கிணற்றடியில் தனிக்கொடி கட்டினார்.

ஜனவரி 24

சிவப்பு வாடிவிட்டது. டாக்டருக்கு என்னைவிடச் சந்தோஷம். பாப்பா நன்றாகத் தூங்குகிறாள், நான் அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிப்ரவரி 13

அடுத்த ஊசி நாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. பொள்ளாச்சி என்றால் பொள்ளாச்சி. ஊசிக்கு அவர் கை நல்ல கைதானே? மாமாவின் தேர் நோம்பி வேட்டித் துணியில் பாப்பா அத்தை மடியில் கிடந்தாள். முக்கில் இவர் பழக்கத்தில் வண்டியைப் பொள்ளாச்சிப் பக்கம் திருப்பினார்.

பின்சீட்டிலிருந்து அத்தை சொன்னார்: "ஏண்டா, அங்க எதுக்குப் போற? நம்ம டாக்டரு இந்தப் பக்கமல்லோ."