சாம்பல் குழாய்ப் பாதையில் நரி

பிப்ரவரி 19, திங்கள்
அத்திப்பட்டு ஸ்டேஷனில் இறங்கி, அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் ஓரமாகப் பம்ப் ரூமுக்கு நடந்தேன். காலை ஏழு மணி ஷிஃப்ட். பாதையில் ஆளே இல்லை. பின்னால் நாய் வருகிறது என்று நினைத்தேன். தொங்கிய வால், நுனி கறுப்பு. நாய் இல்லை. நின்றால் நின்றது. ஓடினேன் — அதுவும் ஓடி வந்தது. பம்ப் ரூம் கதவைத் தட்டும்வரை நிற்கவில்லை.

பிப்ரவரி 20
ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் பக்தவச்சலம் அண்ணன் சொன்னார்: "நரிம்மா அது. ஓடாத. ஓடுனா தொரத்தும். மூஞ்சிய அது பக்கம் வச்சிகினே பின்னால நட."
அவருக்கென்ன, வண்டியில் போகிறார்.

பிப்ரவரி 23
கல் எறிந்தேன். போகவில்லை. முதுகை வளைத்து வாயை அகலத் திறந்து காட்டியது. முள்காட்டுக்குள்ளிருந்து இன்னொன்று ஊளையிட்டது. ரெண்டு நரி கீதுங்களா? இன்னாதான் வேணும் அதுங்களுக்கு?

மார்ச் 2
தினமும் உடைந்த பழைய குழாய்கள் கிடக்கும் இடத்தில் பின்னால் சேர்கிறது. பம்ப் ரூமுக்கு முன்னால் இருக்கும் மதகு வந்ததும் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஒரு அடி வருவதில்லை. ஏன்?

மார்ச் 6
பாதையில் லாரி நின்றதால் பழைய குழாய்கள் பக்கம் சுற்றிப் போனேன். ஒரு குழாய்க்குள் மூன்று குட்டிகள். திரும்பினால் தாய். நடுவில் நான். சாப்பாட்டுப் பையைக் கவ்வி இழுத்தது, விட்டது. பல் படவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். வியாசர்பாடி வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

மார்ச் 7
நரி பையை இழுத்ததைக் கேள்விப்பட்டு சூப்பர்வைசர் ராசையா சார் கேட்டார்: "எந்தக் குழாய்னு மட்டும் சொல்லு, அடைச்சுப் போடுதேன்."
சொல்லிவிட்டேன்.

மார்ச் 8
சாயங்காலம் ஜேசிபி வந்து குழாயின் ரெண்டு வாயிலும் மண்ணைத் தள்ளியது. நான் வெளியே வரவில்லை. "குட்டிங்கள வெளிய எடுத்தாங்களாண்ணே?" என்றேன், டூட்டி மாற்ற வந்த அண்ணனிடம்.
"எவன் குனிஞ்சி பாத்தான்?"

மார்ச் 9
இன்று பின்னால் வரவில்லை. மண்மேட்டைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. கால் நகமெல்லாம் ரத்தம். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
நான்தானே காட்டிக் கொடுத்தேன்.
பம்ப் ரூமுக்குப் போய் மண்வெட்டி எடுத்து வந்தேன். அண்ணனும் கூட வந்தார். பத்தடி தள்ளி நின்று அது உறுமிக்கொண்டே இருந்தது. பாயப்போகுது, பாயப்போகுது என்று நினைத்தபடியே வெட்டினேன். துவாரம் தெரிந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நடந்தோம். உள்ளே பார்க்கத் தைரியம் இல்லை.

மார்ச் 11
"அடைச்சத எவன் திறந்தான்?" என்றார் ராசையா சார்.
"நான்தான் சார்."
நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். போய்விட்டார். வேலை போகுமோ?

மார்ச் 12
ஆறே முக்காலுக்குத் தாய் பாதையைக் கடந்தது. வாயில் ஒரு குட்டி. கால் அசைந்தது. நான் நின்றுவிட்டேன். திரும்பி வந்து இன்னொன்றைத் தூக்கிப் போனது.
மூன்றாவதுக்காக நின்றேன். ஏழு ஆனது. ஏழே காலும் ஆனது; தாய் வரவில்லை. இன்று பம்ப் ரூமுக்குத் தாமதம்.